ஹால் டிவிக்கு ஒரு சினிமாக் கணினி: என்100 பெட்டி, கேபிள், ரிமோட், சத்தம்

ஹோம் தியேட்டர் பிசி என்றதும் பலரும் முதலில் பிராசஸர் தேடப் போகிறார்கள். அதற்கு முன்னால் டிவியின் பின்புறத்தை ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. எந்த ஹெச்டிஎம்ஐ போர்ட் 4கே 60 ஹெர்ட்ஸ் வாங்கும், ஆர்க் அல்லது இ-ஆர்க் (டிவியிலிருந்து சத்தத்தை ஹெச்டிஎம்ஐ வழியாகவே திருப்பி அனுப்பும் வசதி) எதில் இருக்கிறது, சத்தம் சவுண்ட்பாருக்கா ஏவி ரிசீவருக்கா என்பது தெரிந்துவிட்டால் பெட்டி கிட்டத்தட்ட முடிவாகிவிடும். இந்தக் கட்டமைப்புக்கு இருந்தவை: ஹெச்டிஆர்10 (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வீச்சில் வரும் படவகை) காட்டும் 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி, 4கே சிக்னலைக் கடத்தும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவர், ஹாலில் ஒரு லேன் பாயின்ட். வேலை: சொந்த டிஸ்க்குகளிலிருந்து எடுத்து வைத்த படங்கள், பழைய டிவி ரெக்கார்டிங்குகள், பாட்டு.

பெட்டி

எடுத்தது இன்டெல் என்100 போட்ட கைப்பெட்டி. 2023 தொடக்கத்தில் வந்த சிப். நான்கு கோர், கணக்கில் 6 வாட். ஹெச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்ற மூன்று வீடியோச் சுருக்க வகைகளையும் டிகோட் செய்ய, அதாவது விரித்துப் படமாக்க, தனிச் சுற்று உள்ளேயே இருக்கிறது. படம் ஓடும்போது கோர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அதனால் இதற்கு மேல் ஐ5, ஐ7 என்று போடுவது, படம் பார்க்க மட்டும் என்றால், சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் காசு கொடுத்து வாங்குவதுதான்.

ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் சின்ன கணினிகள் (திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ மாதிரி) விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் தலைமுறையைப் பார்த்து வாங்க வேண்டும். இன்டெல் 6ஆம் தலைமுறையில் ஹெச்இவிசி 8 பிட் மட்டும்தான் ஹார்டுவேரில் முழுதாக ஓடும். 4கே ஹெச்டிஆர் படங்கள் எல்லாம் 10 பிட், அதற்கு 7ஆம் தலைமுறை வேண்டும். ஏவி1 வேண்டுமானால் 11. இன்னொன்று: இந்த ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் டிஸ்பிளேபோர்ட்தான் இருக்கும். அதில் கடையில் கிடைக்கும் சாதாரண பேசிவ் மாற்றியைச் செருகினால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஹெச்டிஎம்ஐ 2.0 தரும் ஆக்டிவ் மாற்றி வேண்டும். 1080பி டிவிதான் வீட்டில் இருக்கிறது என்றால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம், 7ஆம் தலைமுறைப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ரேம் 8 ஜிபி, ஒரே குச்சி. என்100 ஒற்றைச் சேனல் சிப் என்பதால் இரண்டு குச்சி போட்டு வேகம் கூடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. எஸ்எஸ்டி 128 ஜிபி தாராளம். ஆனால் எம்.2 ஸ்லாட் எந்த வகை என்று பெட்டியின் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் அது சாட்டா வகை எஸ்எஸ்டிக்கு மட்டும், என்விஎம்இ வகை போட்டால் பயாஸில் (பூட்டுக்கு முந்தைய அமைப்புத் திரை) டிஸ்க்கே தெரியாது.

அடாப்டரும் கவனிக்க வேண்டிய இடம். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 12 வோல்ட், 3 ஆம்பியர். கெட்டுப்போய் உள்ளூரில் மாற்று வாங்கும்போது பின் அளவில் ஏமாறுவது சகஜம். வெளி விட்டம் 5.5 மிமீ என்பது ஒன்றாக இருந்தாலும் உள்விட்டம் 2.1, 2.5 என இரண்டு உண்டு. 2.5 உள்விட்டமுள்ள அடாப்டர் முனை, பெட்டியின் 2.1 குத்துக்காலில் ஏறும், ஆனால் தளர்வாக உட்கார்ந்து, மேசையைத் தட்டினாலே பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். மதர்போர்டு போச்சு என்று நினைக்கவைக்கும் கோளாறு இது.

கேபிளும் ஹெர்ட்ஸ் கணக்கும்

படம் வருகிறது, ஆனால் நன்றாக இல்லை என்ற புகார்களில் பெரும்பங்கு இங்கேதான். 4கே 60 ஹெர்ட்ஸ், 8 பிட் முழு நிறத்தில் அனுப்பினால் பிக்சல் கடிகாரம் 594 மெகாஹெர்ட்ஸ். ஹெச்டிஎம்ஐ 2.0வின் எல்லை 600. அதையே 10 பிட் ஆக்கினால் 742, உள்ளே போகாது. ஆனால் சினிமா 24 ஃபிரேம். 4கே 24 ஹெர்ட்ஸில் 10 பிட் முழு நிறமும் 371க்குள் அடங்கிவிடும். ஆகவே மெனு எதில் வேண்டுமானாலும் ஓடட்டும், படம் தொடங்கியதும் டிவி 24க்கு மாறினால் நிறமும் முழுதாக வரும், அசைவும் சரியாக வரும்.

இந்த அசைவு விஷயத்தை எத்தனை சொன்னாலும் தகும். 60 ஹெர்ட்ஸில் 24 ஃபிரேம் படத்தை ஓட்டினால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் பாருங்கள், தெருவும் கோபுரமும் திணறித் திணறி நகரும். பல டிஸ்க்குகளில் உண்மையான வேகம் 24 கூட இல்லை, 23.976. அதைச் சரியாக 24.000 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரட்டித்து ஒரு சின்ன குலுக்கல் தெரியும். பெட்டி 23.976, 24 இரண்டையும் தனித்தனியாகத் தர வேண்டும். என்100 தருகிறது. நம் ஊர் டிவி ஒளிபரப்பு 25, 50 கணக்கு. அந்த ரெக்கார்டிங்குகளுக்கு 50 ஹெர்ட்ஸும் வேண்டும்.

கேபிளுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ சான்று ஒட்டியது, 2 மீட்டர். உறையில் பெரிதாக ‘2.0’ என்று அச்சடித்திருப்பது சான்று இல்லை, ஸ்கேன் செய்து பார்க்கும் லேபிள்தான் சான்று. கேபிள் வலுவில்லாவிட்டால் 1080பியில் எந்தக் குறையும் தெரியாது. 4கே ஹெச்டிஆர் தொடங்கியதும்தான் இருட்டுக் காட்சிகளில் வெள்ளைப் பொட்டு மின்னும், அல்லது சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை ஒரு விநாடி கறுத்துத் திரும்பும். புரொஜெக்டருக்கு 10 மீட்டர் இழுக்க வேண்டும் என்றால் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வழி. அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை பெட்டிக்கு, ‘டிஸ்பிளே’ முனை புரொஜெக்டருக்கு. பைப்புக்குள் இழுத்துச் சுவரைப் பூசுவதற்கு முன் தரையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.

டிவியிலும் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். எல்ஜியில் ‘டீப் கலர்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. இது அணைந்திருந்தால் எந்தக் கேபிளும் உதவாது, ஹெச்டிஆர் வரவே வராது.

மென்பொருள்

லிப்ரிஎலெக் என்ற சின்ன லினக்ஸ் நேரடியாக எஸ்எஸ்டியில். பூட் ஆனதும் கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர்தான், வேறு எதுவும் இல்லை. டவுன்லோட் செய்யும்போது ‘ஜெனரிக்’ எடுக்க வேண்டும், ‘ஜெனரிக் லெகசி’ என்பது முக்கியமாக என்விடியா கார்டுக்காரர்களுக்கு. லெகசியில் ஹெச்டிஆர் வராது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் 4கேயில் இதே பெட்டியில் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸில் பாதுகாப்பு நிலை குறைவு என்பதால் ஓடிடிகள் அங்கே 4கே தருவதில்லை. அதற்கு டிவியின் சொந்த ஆப் போதும், இரண்டையும் ஒன்றில் திணிக்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். டால்பி விஷன் என்ற இன்னொரு ஹெச்டிஆர் வகையும் இந்தப் பெட்டியில் இல்லை. டிஸ்க்கிலிருந்து எடுத்தவற்றில் ஹெச்டிஆர்10 அடித்தளம் இருப்பதால் அவை ஹெச்டிஆர்10 ஆக ஓடும். ஓடிடிக்கென்று செய்த டால்பி விஷன் புரொஃபைல் 5 கோப்புகளில் அந்த அடித்தளம் கிடையாது, முகங்கள் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும்.

கோடியில் மாற்றியவை, செட்டிங்ஸ் நிலையை ‘எக்ஸ்பர்ட்’ ஆக்கிய பிறகு: பிளேயர் பகுதியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட், ஸ்டாப்’. டிஸ்பிளே பகுதியில் ஒயிட்லிஸ்ட்டை (கோடி மாறிக்கொள்ள அனுமதிக்கும் அளவுகளின் பட்டியல்) திறந்து 3840x2160, 1920x1080 இரண்டிலும் 23.98, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 அனைத்தையும் டிக். மெனு 1080பியில் ஓடுகிறது, அதனால் வேகமாகவும் இருக்கிறது. படம் தொடங்கும்போது டிவி கண் சிமிட்டி மாறும், அதற்கு ஈடாக மாறும்போது 2 விநாடி தாமதம் வைத்தால் முதல் வசனம் விழுங்கப்படாது. ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்பிளே’யை மட்டும் தொடாதீர்கள். அதைப் போட்டால் சத்தத்தின் பாஸ்த்ரூ (சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) நின்றுவிடும்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரே வழி: படம் ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ‘ஓ’ (O) எழுத்து. திரையில் டிகோடரின் பெயர் வரும், அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஹெச்டபிள்யூ என்று இருந்தால் ஹார்டுவேர் ஓட்டுகிறது. அங்கே எஸ்டபிள்யூ என்று இருந்து, சிபியு அளவு நான்கு கோரிலும் எகிறினால், முதலில் கோடியின் ஹார்டுவேர் முடுக்க அமைப்பைப் பாருங்கள். அது சரி என்றால் அந்தக் கோப்பின் வகையை சிப் அறியாது.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, அல்லது இருட்டில் ஆளின் கோட்டு மடிப்பே தெரியவில்லை என்றால் அது பேனல் குறை இல்லை. பெட்டி 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி 16 முதல் 235 என்று படிக்கிறது, அல்லது இதற்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் ஒரே வரம்பில் வையுங்கள்.

சத்தம்

பெட்டியிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி. ரிசீவர் 4கே ஹெச்டிஆரைக் கடத்துமானால் இந்த வரிசைதான் சிறந்தது. டிஸ்க்குகளின் உயர்தரச் சத்த வகைகளான ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி இரண்டும் உடையாமல் ரிசீவரின் முகப்பில் பெயரோடு தெரிகின்றன. ரிசீவர் பழையது, ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் பெட்டி டிவிக்குப் போய் ஆர்க் வழியாகச் சத்தம் திரும்பி வர வேண்டும். சாதாரண ஆர்க் ட்ரூஹெச்டியைத் தாங்காது, அதற்கு இ-ஆர்க் வேண்டும். சில டிவிகள் டிடிஎஸ்ஸை எந்த வழியிலும் விடுவதில்லை.

ஆப்டிகல் கேபிளோடு ஒரு 5.1 சவுண்ட்பார் மட்டும் இருப்பவர்களுக்கு: ஆப்டிகலில் போவது இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத சத்தம்), அல்லது சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ். சத்தம் ஏஏசி என்ற வேறு வகையில் உள்ள 5.1 படத்தைப் போட்டால் பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகும். கோடியில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவில் டால்பி டிஜிட்டலை இயக்கினால் ‘டிரான்ஸ்கோடிங்’ என்ற வரி தோன்றும். அதைப் போட்டால் எல்லா 5.1 சத்தமும் டால்பி டிஜிட்டலாக மாறிப் போகும். 2.0 என்று வைக்கச் சொல்வது தலைகீழாகத் தோன்றும், ஆனால் 5.1 என்று வைத்தால் அந்த வரியே வராது.

டிஸ்க், நெட்வொர்க்

4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த படம் சராசரி 65 ஜிபி என்று வைத்தால் 4 டிபி டிஸ்க்கில் சுமார் 60 படம். தனி அடாப்டர் உள்ள 3.5 அங்குல டிஸ்க் எடுத்தோம். யூஎஸ்பியிலேயே கரண்ட் இழுக்கும் 2.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓடும், இரண்டாவதைச் செருகினால் சின்னப் பெட்டிகள் பல திணறும். ஃபார்மட் லினக்ஸின் எக்ஸ்ட்4. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் உள்ள டிஸ்க் எழுதும் நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்காது. பிறகு ஒரு விண்டோஸ் கணினியைத் தேடிப் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

வேறு அறையில் உள்ள நாஸிலிருந்து (நெட்வொர்க்கில் இணைந்த டிஸ்க் பெட்டி) ஓட்டுவதானால் ஒயர்தான். 4கே டிஸ்க்கின் வேகம் உச்சத்தில் 100 மெகாபிட்டைத் தாண்டும். பல டிவிகளின் லேன் போர்ட் 100தான், கனமான படம் டிவி ஆப்பில் நின்று நின்று ஓடுவதற்கு அதுவே காரணம்.

ரிமோட், கரண்ட், சூடு

டிவி ரிமோட்டாலேயே எல்லாம் ஆக வேண்டும் என்றால் சிஇசி (ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ரிமோட் கட்டளை செல்லும் வசதி) வேண்டும். பெரும்பாலான கணினிகளின் ஹெச்டிஎம்ஐயில் அது கிடையாது, பல்ஸ்-எய்ட் மாதிரி தனி அடாப்டர் தேவை. இங்கே போட்டது ஃப்ளர்க் என்ற யூஎஸ்பி ஐஆர் ரிசீவர். வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய ஐஆர் ரிமோட்டையும் கற்றுக்கொள்ளும், கற்றதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும், பெட்டிக்கு அது ஒரு கீபோர்டாகத்தான் தெரியும்.

ஒயர்லெஸ் கீபோர்டின் டாங்கிளைப் பின்பக்கம் நீல யூஎஸ்பி போர்ட்டில், டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். இன்டெலே 2012இல் இதை எழுதியிருக்கிறது. சோபாவிலிருந்து அழுத்தினால் எழுத்து விடுபடும், பேட்டரி மாற்றினாலும் சரியாகாது. ஒரு அடி யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷனில் டாங்கிளை முன்பக்கம் கொண்டுவந்ததும் நின்றுவிட்டது.

கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழ வேண்டும். பயாஸில் ‘ஸ்டேட் ஆஃப்டர் ஜி3’ என்று புரியாத பெயரில் இருக்கும், அதை ‘எஸ்0’ ஆக்குங்கள். இன்வெர்ட்டரில் மோடு சுவிட்ச் இருந்தால் யூபிஎஸ் பக்கம் வையுங்கள். எகோ மோடில் மாறும் நேரம் கூடுதல், அதற்குள் டிஸ்க் அணைந்து எழும். பெட்டியை எப்போதும் ஆனிலேயே விட்டிருக்கிறோம். சும்மா இருக்கும்போது 10 வாட் என்றே வைத்தாலும் மாதம் 7 யூனிட்தான்.

சூட்டுக்கு, கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஹாலே 36, 37 டிகிரி இருக்கும். மேலேயும் பின்னாலும் 5 செமீ இடைவெளி, ரிசீவரின் தலையில் வைக்காமல் தனித் தட்டு. பல என்100 பெட்டிகளில் பயாஸ் பவர் லிமிட் 15 வாட்டுக்கு மேல் வைத்து வரும். அதை 10க்கு இறக்கினால் மெனு ஒரு துளி மெதுவாகும், படத்தில் வித்தியாசமே இல்லை, ஃபேன் சத்தம் அடங்கும்.

தமிழ் சப்டைட்டில்

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் கோப்பில் பிழை இல்லை, ஃபான்ட்டில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டை நெட்வொர்க் வழியாக கோடியின் ‘மீடியா’ கோப்புறைக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்பதில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து வருகிறது, ஆனால் ‘கொ’, ‘போ’ எல்லாம் கொம்பு இடம் மாறி உடைந்து தெரிகிறது என்றால் கோடி பழையது. 20ஆம் பதிப்பிலிருந்து சரியாகக் கோத்துக் காட்டுகிறது. கட்டமும் இல்லாமல் புரியாத ஆங்கிலக் குறிகளாக வந்தால் கோப்பு யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் இல்லை. நோட்பேடில் திறந்து தமிழ் தெரிந்தால் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் போதும், அங்கேயும் குறிகளாகவே தெரிந்தால் அது பழைய குறியேற்றத்தில் தட்டியது, மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.