டர்போ போகவில்லை, பிஸ்டன்தான் போயிருந்தது

பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். பவருக்காக முந்தைய ஓனர் ரீமேப் செய்திருந்தார், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றியிருந்தார். நீலப் புகை வர ஆரம்பித்ததும் ஒரு பட்டறையில் பார்த்த மாத்திரத்தில், "டர்போ அவுட், மாத்திரணும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாபநாசத்திலிருந்து சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆள் நிறைந்து ஏறும்போதெல்லாம், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்டிருந்தது. டர்போ கெட்டால் அந்தச் சத்தம் வராது.

பாளையங்கோட்டையில் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் டர்போ பைப்பைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. "தம்பி, மொதல்ல பிளக்கக் கழட்டுவோம்" என்றார்.

நான்கில் மூன்று பிளக் சாதாரணமாக இருந்தன. மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதாகக் கறுப்புப் புள்ளிகள், நடுவே பளபளவென்று சின்ன அலுமினியத் துகள்கள். அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்துதான் வர முடியும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம் பார்த்ததில் மற்றவை 170 பிஎஸ்ஐ அருகில், இது 100ஐக்கூட எட்டவில்லை.

இதோடு இன்ஜினைப் பிரித்துவிடலாம்தான். அண்ணாச்சி பிரிக்கவில்லை. பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்றினார். சைலன்சரில் காற்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் வந்தால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எங்களுக்கு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று வந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்கினால்தான் அங்கே வரும்; ரிங் பக்கம்தான் கோளாறு என்று அப்போதே உறுதியானது. என்னைக் கேட்டால், இந்த ஒரு சோதனை செய்யாத இடத்தில் இன்ஜினைத் திறக்கவே விடக்கூடாது.

ஹெட்டை இறக்கியதும் பிஸ்டன் ஓரம் மணல் அடித்தது போலச் சொரசொரவென்று இருந்தது. பிஸ்டனை வெளியே எடுத்தால், முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள வரம்பு உடைந்திருந்தது. பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பதன் வேலை இது. ஏற்றத்தில் கேட்ட கூழாங்கல் சத்தமும் இதுதான். முன்னதாகவே தீப்பற்றும் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் நடுவில் உருகி ஓட்டை விழும். கனெக்டிங் ராடின் மேல் பேரிங்கிலும் அடி விழுந்த தடம் தெரிந்தது.

ஆனால் ஏன் அந்த ஒரு சிலிண்டர் மட்டும்? இதைக் கேட்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் உடையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் அளந்தபோது மூன்றாவது மட்டும் குறைவாகப் பெட்ரோல் விட்டது. ரீமேப்பால் டர்போ கூடுதலாகத் திணித்த காற்றழுத்தத்தை மற்றவை தாங்கின; பெட்ரோல் குறைந்த அந்தச் சிலிண்டர் தாங்கவில்லை.

பிஸ்டன், ரிங், பேரிங், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றி, ரீமேப்பையும் அழித்து கம்பெனி செட்டிங்குக்குக் கொண்டுவந்தோம். அப்புறம் மே மாத வெயிலில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு வள்ளியூர் வரை ஓட்டினோம். இப்படித் தானாக வெடிப்பதை நாக் சென்சார் உணர்ந்தால், கம்ப்யூட்டர் பிளக் பற்றவைக்கும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும்; அந்த அளவு பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. அடுத்த ஆயில் சர்வீஸில் மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சி எழுதி வைத்திருக்கிறார்.