12345678987654321: கையால் காரணிப்படுத்திப் பார்த்தேன்

12345678987654321 என்ற பதினேழு இலக்க எண்ணைக் கணினியின் துணையின்றிப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வேலை இந்த வாரம் முடிந்தது. இது 111111111 என்ற எண்ணின் வர்க்கம். ஒவ்வொரு வரியையும் ஓரிடம் தள்ளி எழுதிப் பெருக்கும்போது, நடுவில் உள்ள நிரலில்கூட ஒன்பது ஒன்றுகளே சேர்வதால், அடுத்த இடத்துக்கு எதையும் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் இந்த ஒழுங்கு குலைந்து 1234567900987654321 என்று விடை வருகிறது.

வர்க்கமூலத்தைப் பிரித்தால் போதும் என்பதால் வேலை பாதியாகக் குறைந்தது. 111111111 = 111 × 1001001. இவற்றுள் 111 என்பது 3 × 37. 1001001 என்பது 3 × 333667. இதுவரை எளிது.

333667 பகா எண்தானா என்பதுதான் உண்மையான கேள்வி. அதன் வர்க்கமூலம் 577-ஐச் சற்றே தாண்டுகிறது. ஆகவே 577 வரையுள்ள 106 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் p என்ற பகா எண் 333667-ஐ வகுத்தால், அதன் மடங்கான 999999999-ஐயும் வகுக்கும். அதாவது 10⁹-ஐ p-ஆல் வகுத்தால் மீதி 1. அவ்வாறு மீதி 1 தரும் 10-இன் மிகச் சிறிய அடுக்கு 9-இன் வகுத்தியாக, அதாவது 1, 3, 9 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். அது 1 அல்லது 3 என்றால் p 999-ஐ வகுக்கும். ஆகவே p என்பது 3 அல்லது 37. இவ்விரண்டாலும் 333667-ஐ வகுத்தால் மீதி 1 வருவதால் அவை விலகுகின்றன. எஞ்சுவது 9 மட்டுமே. அப்போது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி (10-இன் p − 1 ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்கிறது அது) p − 1 என்பது 9-ஆல் வகுபடும். p ஒற்றைப்படை எண் என்பதால் 18-ஆலும் வகுபடும். இந்த ஒரு நிபந்தனையில் 106 எண்கள் 19, 37, 73, 109 எனத் தொடங்கி 577-இல் முடியும் வெறும் 17 எண்களாகச் சுருங்கிவிட்டன. இந்தச் சுருக்கத்துக்காகவே இம்முயற்சி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 163-ஆல் வகுத்தபோது மீதி 6. 523-இன் மடங்கான 333674-க்கு 7 மட்டுமே குறைவு. 577-ஆல் வகுத்தபோது மீதி 161. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை என்பதால் 333667 பகா எண்ணே.

ஆக, விடை 3⁴ × 37² × 333667². வகுத்திகளின் எண்ணிக்கை 5 × 3 × 3 = 45. இலக்கங்களின் கூட்டுத்தொகை 81, எண்ணும் 81-ஆல் வகுபடுகிறது; ஆனால் 9-க்கு உள்ளதுபோன்ற பொது விதி 81-க்கு இல்லை என்பதால், இதைக் காரணிகளைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டும்.

இதே வழியில் இன்னொன்றும் கிடைத்தது. 1/333667-ஐத் தசமமாக எழுதினால் 000002997 என்ற ஒன்பது இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படி ஒன்பது இலக்கச் சுழற்சி தரும் பகா எண் எதுவாயினும் 999999999-ஐ, அதாவது 3⁴ × 37 × 333667-ஐ வகுத்தாக வேண்டும். 3-இன் சுழற்சி ஓரிலக்கம், 37-இன் சுழற்சி மூன்றிலக்கம். ஆகவே ஒன்பது இலக்கச் சுழற்சி உடைய ஒரே பகா எண் 333667 மட்டுமே.