குருசடியில் தொடங்கி மயிலாடி வரை

கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு நேர்ச்சை செலுத்தப் போகவில்லை. ஒரு சொல் இழுத்துக்கொண்டு போனது. குமரி மாவட்டத்தில் முக்குக்கு முக்கு நிற்கிறதே குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயில், அந்தக் 'குருசு' போர்த்துகீசியச் சொல். ஜெபத்தில் 'சிலுவை' என்கிறவர்களுக்கும் ரோட்டோரத்தில் நிற்பது குருசுதான். சவேரியார் 1544இல் இந்தக் கரையில் நடந்தபோது, உள்ளூர்க்காரர்கள் உதவியால் தமிழாக்கிய ஜெபங்களை மனப்பாடம் பண்ணி, மணியடித்து ஆளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தாராம். அர்த்தம் எவ்வளவு புரிந்து சொன்னாரோ!

அவருக்குப் பின் வந்த போர்த்துகீசியப் பாதிரியார் அன்றீக்கு அடிகளார் தமிழை உட்கார்ந்து படித்தவர். இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம்தான். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. கொல்லம் இங்கிருந்து ரயிலில் சில மணி நேரம். கடவுளுக்கு அவர் 'தம்பிரான்' என்று எடுத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வியப்பும். ராஜாவைத் 'தம்புரான்' என்று கும்பிட்ட நாட்டில் வேறு எந்தச் சொல் எடுபடும்?

அந்த நூலின் படத்தைப் போனில் வைத்திருந்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளியே கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்ட பழக்கம், ஈய அச்சிலும் தொடர்ந்திருக்கிறது. ஒரு வரியை வாசிக்க எனக்கு ஐந்து நிமிடம்.

அடுத்து நாகர்கோவில் ஹோம் சர்ச். வெயில் தாங்காமல் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார் மீட் ஐயர் 1818இல் இங்கே வந்து, ஓரிரு வருடத்தில் அச்சுக்கூடமும் வைத்தார். அதே மிஷனின் மால்ட் தம்பதி மகள் எலைசாவை 1844இல் கட்டியவர்தான் கால்டுவெல். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் நாகர்கோவில் மருமகன் என்பதை ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணா பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் பிடித்து மயிலாடி. உள்ளூர்க்காரரான வேதமாணிக்கம் கூப்பிட்டு, 1806இல் லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே வந்த ஊர். ஆலயத்தைப் பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்தது உளிச் சத்தம். சிற்பிகள் ஊராயிற்றே. ஒரு பட்டறையில் கல்லறைக் கல்வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. செங்காவியில் எழுத்து வரைந்து, அதன்மேல் கொத்துகிறார் பெரியவர். எந்த எழுத்து கஷ்டம் என்று கேட்டேன்.

“எழுத்துல என்ன கஷ்டம்? புள்ளிதான் மக்களே பாடு. ஒரு நூல் தள்ளிப் போச்சுன்னா சில்லு தெறிச்சிரும். பொறவு கல்லையே மாத்தணும்.”

“புள்ளி இல்லாம விட்டா?”

“செத்தவன் பேரை வேற மாதிரி வாசிப்பான்” என்றவர், 'தேவசகாயம்' என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் உளியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.