முற்றத்து பாலிகார்பனேட் கூரை ஒழுகல்: கழற்றிச் சரிசெய்த விவரம்

வீட்டின் பின்பக்க முற்றத்தை மூடி, சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் போட்ட கூரை. 12 அடி அகலம், 10 அடி சரிவு. நாலடி அகல ஷீட் மூன்று, 10 மி.மீ. மல்டிவால், அதாவது உள்ளே நீளவாக்கில் குழாய் குழாயாக இருக்கும் வகை. அடியில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய்ச் சட்டம். மேலே பார்த்த இடமெல்லாம் பழைய சிலிகான், அதாவது இடுக்கு அடைக்கும் பசை, அப்பியிருந்தது. ஒழுகல் மட்டும் நிற்கவில்லை.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே வந்த தண்ணீர் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, எங்காவது வெல்டிங் மொத்தையில் முட்டி அங்கே சொட்டும். சட்டத்தில் சாக்பீஸ் பொடியைத் தடவிவிட்டு, மேலே ஹோஸ் வைத்தால் ஈரக்கோடு வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும். ஹோஸைக் கீழ் ஓரத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு இடத்தில் பத்து நிமிஷம், பிறகு இரண்டடி மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நனைந்து ஒன்றும் புரியாது. மழையே இல்லாத விடியற்காலையில் ஷீட்டின் அடிப்பக்கம் பூராவும் பொடித்துளி நின்றால் அது ஒழுகலே இல்லை, உள்ளே தேங்கும் நீராவி. அதற்குக் காற்றுப்போக்கி வைக்க வேண்டும், சிலிகான் தண்டம்.

வாட்டத்தையும் முதலிலேயே அளந்துவிடுவது நல்லது. குறைந்தது 5 டிகிரி, அதாவது 10 அடிக்குப் பத்தரை அங்குல இறக்கம். அது இல்லாவிட்டால் சட்டத்தைத்தான் தூக்க வேண்டும், மற்ற வேலையெல்லாம் அப்புறம். இங்கே ஓர் அடி இறக்கம் இருந்தது.

ஸ்க்ரூ ஓட்டைகளில்தான் பாதிக் கோளாறு. பாலிகார்பனேட் வெயிலில் நன்றாக நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ. மூன்று மீட்டர் ஷீட் விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். அடியில் இருக்கும் இரும்பு ஒன்றரை மி.மீ.கூட நீளாது. ஓட்டை ஸ்க்ரூ கனத்துக்கே போட்டிருந்ததால் ஷீட் தினமும் ஸ்க்ரூவை இழுத்து, ஓட்டை நீள்வட்டமாகி, வாஷருக்கு வெளியே எட்டிப்பார்த்தது. அதன் மேல் எவ்வளவு சிலிகான் வைத்தாலும் ஒரு கோடையில் கிழிந்துவிடும்.

ஸ்க்ரூவைக் கழற்றி, ஷீட்டில் மட்டும் ஓட்டையை 12 மி.மீ. ஆக்கியாயிற்று. டிரில் பிட் இரும்பைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். சட்டத்தின் பழைய ஓட்டையில் மரை தேய்ந்திருக்கும். பழைய ஸ்க்ரூ 12-ஆம் நம்பர் (5.5 மி.மீ.) என்பதால் அதே ஓட்டையில் 14-ஆம் நம்பர் (6.3 மி.மீ.) நன்றாகக் கவ்விக்கொண்டது. வாஷர் இபிடிஎம் ரப்பர், குறைந்தது 25 மி.மீ. அகலம். பிவிசி வாஷர் வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையூட்டி பாலிகார்பனேட்டில் விரிசல் விழவைக்கும். முடுக்கும்போது ரப்பர், வாஷரின் மேல் மூடிக்கு வெளியே லேசாகப் பிதுங்கினால் போதும். ஷீட் குழிந்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். கூரை மேல் கால் வைக்கவே கூடாது. சட்டத்தோடு சட்டம் பலகை போட்டு அதன் மேல்தான் உட்கார வேண்டும், ஏணியைப் பிடிக்க கீழே ஒரு ஆள் வேண்டும்.

சுவர் இணைப்பு பெரிய வேலை. கொத்தனார் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிமெண்டை வழித்துவிட்டிருந்தார். அசைகிற பொருளை அசையாததோடு சிமெண்டால் கட்டினால் வெடிக்கத்தான் செய்யும். அதிலும் இந்தச் சுவர் கிழக்கு பார்த்தது. ஐப்பசி மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும்போது சுவரில் வழியும் தண்ணீர் அத்தனையும் அந்த வெடிப்புக்கே வந்து சேரும். சிமெண்டைத் தட்டி எடுத்துவிட்டு, ஷீட்டுக்கு 15 செ.மீ. மேலே நாலு இஞ்ச் டைமண்ட் பிளேடால் 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்தாயிற்று, அதாவது தண்ணீரைத் தள்ளிவிடும் தகட்டைச் செருக நீளமான பள்ளம். ஆழம் முக்கியம். காடி பூச்சோடு நின்றுவிட்டால் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கித் தகட்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பிளேடு செங்கலுக்குள் போக வேண்டும். சிவப்புத் தூள் வந்தால் சரி.

தகடு 1 மி.மீ. அலுமினியம். 2 செ.மீ. காடிக்குள், 15 செ.மீ. சுவரோடு, 15 செ.மீ. ஷீட்டின் மேல், கீழ் விளிம்பு சற்றே மடக்கியது. இரண்டு துண்டு, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று 10 செ.மீ. மேலேற்றம், அதற்குள் சிலிகான். தகட்டைச் சுவரில் மட்டும் பிடிக்க வேண்டும். ஷீட்டின் மேல் அது சும்மா படுத்திருக்கும், ஷீட் அடியில் நகர்ந்துகொள்ளும்.

காடியை அடைக்க நியூட்ரல் சிலிகான். ட்யூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது வேறு வகை, ஜிஐயை அரிக்கும். காடி இடைவெளி 6 மி.மீ., ஆழம் 10 மி.மீ. என்று நிரப்பினால் 280 மி.லி. ட்யூப் நாலரை மீட்டர் வரும். இந்தச் சுவருக்கு ஒன்று, மேலேற்றத்துக்கும் சேதாரத்துக்கும் இன்னொன்று. பழைய சிலிகான் மேல் புதுசு ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். தின்னர் பட்டால் ஷீட் சிலந்தி வலை மாதிரி வெடித்துவிடும்.

ஷீட்டின் குழாய் வாய்களை செலோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். அது மக்கி, உள்ளே பாசி பிடித்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே மூட வேண்டும். மேல் வாய்க்குக் காற்றுப்புகாத அலுமினிய டேப், கீழ் வாய்க்குக் காற்று போகும் துளை டேப். அதன் மேல் மாட்டும் யு வடிவப் பட்டையில் அடிக்கு ஒரு 3 மி.மீ. துளை.

ஹோஸ் வைத்துப் பார்த்ததில் சட்டத்தில் சாக்பீஸ் காய்ந்தே இருந்தது. பாக்கி இருப்பது வடிகால். மணிக்கு 10 செ.மீ. என்று கொட்டினால் இந்தக் கூரையிலிருந்து மட்டும் 1,100 லிட்டர் வரும். இருப்பதோ ஒன்றரை இஞ்ச் குழாய், அதிலும் முருங்கை இலை அடைப்பு. மூன்று இஞ்ச் குழாயும் வாயில் வலையும் மாற்ற வேண்டும். மொட்டை மாடித் தண்ணீரும் இதே ஷீட் மேல்தான் விழுகிறது. அந்தக் குழாயை நீட்டித் தரைக்கு இறக்கும் வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும்.