பொலிஸ் நற்சான்றிதழ் கேட்ட வேலையும் பழைய வேலிச் சண்டையும்

யாழ்ப்பாண நகரிலுள்ள தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் காசாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை முடிந்த கையோடு, 14 நாட்களுக்குள் கொண்டுவர வேண்டிய ஆவணங்களின் பட்டியல் ஒன்றை எனக்குத் தந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றிதழ் ஆகியவற்றுக்குக் கீழே 'பொலிஸ் கிளியரன்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தது. அதை எங்கே எடுப்பது, எந்த வகைச் சான்றிதழ் போதும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. நியமனம் தருகிறோம் என்று எழுத்தில் எதுவும் தந்திருக்கவுமில்லை. அந்த இரண்டு சொற்களுக்காக 2024 ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அலைந்தேன். அதே நிலையில் இனி நிற்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் விட்ட முதற் பிழை, எல்லாரும் சொல்வதைக் கேட்டு, கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் வழங்கும் நற்சான்றிதழுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கத் தொடங்கியது. பாதி நிரப்பிய பிறகுதான், எந்த நாட்டுக்கு, எந்தத் தூதரகத்துக்குச் சமர்ப்பிக்கப் போகிறீர்கள் என்ற கேள்வி வந்தது. வெளிநாடு போகிறவர்கள் எடுக்கும் சான்றிதழ் அது. உள்ளூர் வேலைக்கு, வசிக்கும் இடத்துப் பொலிஸ் நிலையத்தில்தான் அறிக்கை கேட்க வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் தெரியவந்தது. "தம்பி, உங்கட கொம்பனியிட்ட இருந்து கடிதம் ஒண்டு வேணும். என்ன வேலைக்கு, ஏன் கேக்கினம் எண்டு அதில இருக்கவேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிறுவனத்திலோ, மற்றவர்கள் எல்லாம் கடிதம் இல்லாமலே கொண்டு வந்து தருகிறார்கள் என்றார்கள். மூன்று நாட்கள் வற்புறுத்திய பிறகு கடிதம் கிடைத்தது. அதில் என் முதலெழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடி இல்லாததால் இரண்டாவது பயணமும் வீணானது. கடிதம் கையில் கிடைத்ததும் அலுவலக வாசலிலேயே நின்று, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராம அலுவலர் சான்றிதழும் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் ஒரே நாளில் முடிந்தன.

பொலிஸ் நிலையத்தில் தந்த படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்பதைச் சண்டைக்கு நிற்காமல் மரியாதையாகவே சொல்லி, தமிழ்ப் படிவம் கேட்டேன். சிறிது நேரம் தேடிய பின் பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஒரு பிரதியை எடுத்துத் தந்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, கேளுங்கள். புரியாத படிவத்தில் கையொப்பம் இடாதீர்கள்.

கடந்த 20 ஆண்டுகளில் வசித்த முகவரிகளைக் காலவரையறையுடன் தரும்படி நிறுவனத்தின் கடிதத்தில் இருந்தது. கொழும்பில் ஒரே வீட்டில் இருந்தவருக்கு அது இரண்டு நிமிட வேலை. நான் 2004 இலிருந்து எழுத வேண்டியிருந்தது. கிளிநொச்சி வரை எழுதிவிட்டேன். 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரைக்கும் எதை எழுதுவது? தர்மபுரம், புதுக்குடியிருப்பு, அதற்குப் பிறகு முகவரி என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லாத இடங்கள், அதன்பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். பேனையை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். பதிவெடுத்த அலுவலர் தமிழர். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இடம்பெயர்வு எண்டு போட்டு, முகாம் பதிவு அட்டையின்ர பிரதியை இணையுங்கோ" என்றார். அந்த அட்டை அம்மாவின் சொப்பிங் பைக்குள், காணி உறுதியோடும் குடும்ப அட்டையோடும் சேர்ந்து பத்திரமாக இருந்தது. தொழில் வழங்குநர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். முகவரி வரலாற்றில் விழுந்திருக்கும் இடைவெளியைச் சந்தேகமாகப் பார்த்தால், வன்னியிலிருந்து வந்த ஒருவர்கூட அந்த மேசையைத் தாண்ட முடியாது.

இவ்வளவும் முடிந்து அறிக்கையை எடுக்கப் போன நாளில்தான் பெரிய அடி விழுந்தது. என் பெயரில் 2013 ஆம் ஆண்டு வழக்கு ஒன்று நிலுவையில் இருப்பதாக நிலையப் பதிவேட்டில் இருந்தது. எல்லை வேலியில் கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டதில், எனக்கும் பக்கத்து வளவு அண்ணருக்கும் கைகலப்பு வந்த சம்பவம் அது. சிறுகாயம் ஏற்படுத்தியதாக இருவர் மீதும் வழக்குப் போட்டார்கள். நீதவான் நீதிமன்றம் அதை மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது. அங்கே இணக்கமாகி, நீதிமன்றம் எங்களை விடுவித்தது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபைகளில் எங்கள் ஊர்ச் சண்டைகள் எத்தனையோ இப்படித்தான் தீர்கின்றன. ஆனால் வழக்கு முடிந்த செய்தி பதிவேட்டில் ஏறியிருக்கவில்லை. பதினொரு வருடங்களாக அது என் பெயருக்கு எதிரே அப்படியே கிடந்திருக்கிறது.

எங்களை விடுவித்த கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் வழக்கு இலக்கம் கேட்டார்கள். எனக்கு இலக்கமும் நினைவில்லை, திகதியும் நினைவில்லை. அம்மாவின் பையிலும் அந்தக் கடதாசி மட்டும் இல்லை. கடைசியில், வேறு வழியின்றி, அன்று என்னோடு மல்லுக்கட்டிய அதே அண்ணரின் படலையைத் தட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கண்ணாடி உறையிலிட்டு வைத்திருந்த இணக்கச் சான்றிதழை எடுத்துவந்தார். மடிப்பில் கிழிந்த இடத்தைப் பிளாஸ்டர் வைத்து ஒட்டியிருந்தார். வலது மூலையில் வழக்கு இலக்கம் நீல மையில் தெளிவாக இருந்தது. "கொண்டு போ தம்பி, பிறகு தா" என்றார். எட்டாம் நாள் சான்றுப்படுத்திய பிரதி கிடைத்தது. பொறுப்பதிகாரியிடம் அதைக் கொடுத்து, பதிவேட்டில் திருத்தம் எழுதப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே வந்தேன். வாழ்க்கையில் எப்போதாவது நீதிமன்றப் படியேறியவர்கள், வழக்கு முடிந்த அன்றே கட்டளையின் பிரதியை எடுத்து வையுங்கள். இரண்டாக எடுங்கள், ஒன்று பொலிஸ் நிலையத்தில் நின்றுவிடும்.

இடையில் 14 நாட்கள் கடந்துவிட்டன. நிலுவையிலுள்ள வழக்கு என்ற செய்தி நிறுவனத்துக்கு எட்டியதும், மனிதவளப் பிரிவிலிருந்து, வேறு ஒருவரைப் பார்க்கப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். சட்டத்தரணியான என் மச்சாள் அப்போது சொன்னவற்றை இங்கே தருகிறேன். குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுத்தவாளியாகவே கருதப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரையின் 5 ஆம் பந்தி சொல்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிருவாக நடவடிக்கைக்கு எதிரானது; அதைப் பிடித்துக்கொண்டு தனியார் நிறுவனத்தை உயர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. மறுபக்கத்தில், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றங்கள், குற்றவியல் நடவடிக்கைகள், குற்றத் தீர்ப்புகள் பற்றிய தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. அதாவது, மற்றத் தகவலைப் போல அதைச் சும்மா கேட்டு வாங்கி அலுமாரிக்குள் போட்டுவிடலாகாது.

காசு புழங்கும் வேலைக்கும், பிள்ளைகளோடு பழகும் வேலைக்கும், பாதுகாப்பு ஊழியர் வேலைக்கும் இப்படிக் கேட்பதை நான் குறைசொல்லவில்லை. காசாளரை விசாரிக்காமல் எடுங்கள் என்று யார் சொல்வார்? ஆனால் நியமனம் தர முடிவெடுத்த பிறகு, காரணத்தை எழுத்தில் தந்து, எந்தச் சான்றிதழ் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிவு ஏதும் வந்தால் விண்ணப்பதாரிக்கு விளக்கம் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். தேநீர் பரிமாறுகிறவரிடமும் அதே பட்டியலை நீட்டுவது அநியாயம்.

இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, கட்டளையின் நிழற்பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் நிறுவனத்தின் முகாமையாளருக்கு அனுப்பினேன். தொலைபேசியில் பேசியபோது கிடைக்காத பதில் ஐந்தாம் நாள் கடிதமாகவே வந்தது: அடுத்த மாதம் முதலாம் திகதி கடமையேற்கலாம். பட்டியலில் 'பொலிஸ் கிளியரன்ஸ்' என்றிருந்த இடத்தை, 'தெரிவுசெய்யப்பட்ட பின்னர், நிறுவனத்தின் கடிதத்துடன், வசிப்பிடப் பொலிஸ் நிலைய அறிக்கை' என்று மாற்றுவதாகவும் சொன்னார்கள். எனக்குப் பின் சேர்ந்த பிள்ளையின் கையில் இருந்த தாளில் அப்படித்தான் இருந்தது.

அண்ணரின் சான்றிதழை அதே கண்ணாடி உறையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டளையின் இரண்டாவது பிரதி இப்போது அம்மாவின் பையில், முகாம் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.