அதே கதவு, பத்து வருஷம் கழித்து

1984 ஆகஸ்டில் நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னது, "ஓட்டுப் போடாதீங்க." வெள்ளையர் அரசு இந்தியர்களுக்கென்று ஒரு சபை அமைத்துத் தேர்தல் வைத்தது. கறுப்பர்களுக்கு எதுவும் கிடையாது. இந்தியர் உரிமைக்குப் போராடிய நேட்டால் இந்தியன் காங்கிரஸ் புறக்கணிக்கச் சொன்னது, பெரும்பாலோர் போகவில்லை.

1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் ஓட்டுப்போடும் முதல் தேர்தல். அந்த வருஷத் தொடக்கத்தில் அதே கதவுகளை மறுபடி தட்டினேன், இப்போது வாக்காளர் கல்விக் குழுவின் தொண்டனாக. "அன்னைக்குப் போடாதேன்னே, இன்னைக்குப் போடுங்கிறே. உனக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?" என்றார் ஓர் ஆயா. பாட்டியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். சம்பளம் இல்லை என்றதை அவர் நம்பவில்லை. டீ மட்டும் கொடுத்தார்.

எந்தக் கட்சியின் பெயரும் வாயில் வரக்கூடாது என்பது எங்களுக்கு விதி. அதனால் மாதிரி வாக்குச்சீட்டில் பழங்கள்: மாம்பழம், அன்னாசி, வாழை. பெட்டிக்கு ஒரு சப்பாத்து அட்டைப்பெட்டி. ஆயா மூன்றுக்கும் பெருக்கல் குறி போட்டார். "மூணும் நல்ல பழம்தானே?"

அதைத் திருத்த ஐந்து நிமிஷம் போதும். பயத்தைத்தான் போக்க முடியவில்லை. வாக்காளர் பட்டியலே கிடையாது என்பதால், ஒருவர் இரண்டு தடவை போடாமலிருக்க, கையில் கண்ணுக்குத் தெரியாத மை பூசி ஊதா விளக்கில் பார்ப்பார்கள். யாருக்குப் போட்டோம் என்பதையும் அந்த விளக்கு காட்டிவிடுமா, முதலாளிக்குத் தெரிந்துவிடுமா என்று தையல் ஃபேக்டரிப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடையாளப் புத்தகம் இல்லாதவர்களைத் தற்காலிக வாக்காளர் அட்டைக்கு வரிசையில் நிறுத்தியது தனிப் பாடு.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 19 அன்று, அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த, ஜூலு மக்களிடம் செல்வாக்குள்ள இன்காத்தா கட்சியும் போட்டிக்கு வருவதாக அறிவித்தது. சீட்டுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. அடியில் அந்தக் கட்சிக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சரி, நாங்களும் எங்கள் பழச்சீட்டின் அடியில் ஒரு கொய்யாவை ஒட்டிக்கொண்டு கிளம்பினோம்.

முதியவர்களுக்கென்று 26ஆம் தேதியை ஒதுக்கியிருந்தார்கள். ஆயா மாட்டேன் என்றுவிட்டார். 27 அன்று எல்லோரோடும் வரிசையில் நின்று, நாட்டுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று என இரண்டு சீட்டையும் போட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரி சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டார். கண்ணுக்குத் தெரியாத மை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகுமென்று நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லையாம்.