காஸ் தீட்டாவை அடித்தேன், மூன்று மதிப்பெண் போனது

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முக்கோணவியலில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது. தீட்டா என்பது கண்டுபிடிக்க வேண்டிய கோணம். சைன் 2தீட்டா = காஸ் தீட்டா, 0° முதல் 360°-க்குள் தீர்வு காண வேண்டும். இடது பக்கத்தை 2 சைன் தீட்டா காஸ் தீட்டா என்று விரித்தேன். இரண்டு பக்கமும் காஸ் தீட்டா இருந்தது, அடித்துவிட்டேன். சைன் தீட்டா = 1/2. விடை 30°, 150°. சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் விடைக்குக் கட்டம் வேறு போட்டேன். கிடைத்தது 2.

எங்கே தப்பு என்று தாளில் ஒரு சொல் இல்லை, சிவப்பு மையில் ஒரு சுழி மட்டும். டியூஷன் சாரிடம் கேட்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒன்றரை மணி நேரம் வாசலில் காத்திருந்தேன். அவர் தாளைப் பார்த்ததே அரை நிமிடம்தான். "ஃபார்முலாவை நல்லா மனப்பாடம் பண்ணும்மா" என்றார். ஃபார்முலாவில் பிழையே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு பெரியம்மா வீட்டு அக்காவுக்குத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அக்கா உடனே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நீ அடிச்சியே, அது சைபரா இருந்தா என்னடி பண்ணுவ?"

90° போட்டுப் பார்த்தேன். சைன் 180° சைபர், காஸ் 90° சைபர். சரியாக வருகிறது! 270°-க்கும் அப்படியே. நான்கு விடைகளில் இரண்டை என் கையாலேயே அடித்துப் போட்டிருக்கிறேன். அடிக்காமல் ஒரே பக்கம் கொண்டுவந்து, காஸ் தீட்டாவைப் பொதுவாக வெளியே எடுத்திருந்தால் காஸ் தீட்டா (2 சைன் தீட்டா − 1) = 0 என்று வந்திருக்கும். நான்கு விடையும் கைக்கு வந்திருக்கும். தீட்டா இருக்கும் எதையும் அடிக்கும் முன், அது சைபராக முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள்.

பொதுத் தீர்வு சூத்திரங்களில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆரம் 1 உள்ள வட்டம் வரைந்து, சைனுக்கு உயரம், காஸுக்குக் கிடைத்தூரம் என்று பார்த்தாலே அவை வந்துவிடும்.

அடித்து விடையைத் தொலைப்பதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் உண்டு, இல்லாத விடை உள்ளே வருவது. சைன் தீட்டா + காஸ் தீட்டா = 1 என்ற கணக்கில் இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்தேன். சைன் 2தீட்டா = 0 வந்தது. விடை 0°, 90°, 180°, 270° என்று எழுதினேன். 180° போட்டால் 0 − 1, அதாவது மைனஸ் 1. 270°-க்கும் மைனஸ் 1தான். வர்க்கம் எடுக்கும்போது மைனஸ் 1-உம் 1-ஆகிவிடுவதால் இந்த இரண்டும் உள்ளே நுழைந்துவிட்டன. இப்போது நான் வர்க்கமே எடுப்பதில்லை. ரூட் 2-ஆல் வகுத்து காஸ் (தீட்டா − 45°) = 1/ரூட் 2 என்று மாற்றிவிடுகிறேன். வர்க்கம் எடுத்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு விடையையும் முதல் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சைன் 2தீட்டா = 1/2 மாதிரி வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். தீட்டா 360° வரை என்றால் 2தீட்டா 720° வரை போகும். 2தீட்டாவுக்கு 30°, 150° மட்டுமல்ல, 390°, 510°-உம் உண்டு. பாதியாக்கினால் 15°, 75°, 195°, 255°. என் வகுப்பில் பாதிப் பேர் முதல் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள்.

அரையாண்டில் 2 காஸ் வர்க்கம் தீட்டா + 3 சைன் தீட்டா = 0 வந்தது. காஸ் வர்க்கத்தை 1 − சைன் வர்க்கமாக மாற்றிக் காரணிப்படுத்தினேன். சைன் தீட்டா 2 அல்லது மைனஸ் 1/2. சைன் 1-ஐத் தாண்டாது, அதனால் 2 ஏற்கத்தக்கதல்ல என்று காரணத்தோடு எழுதினேன். வட்டத்தின் எந்தக் கால்பகுதியில் எது பிளஸ் என்று நினைவில் வைக்க உதவும் "ஆல் சில்வர் டீ கப்ஸ்" (ஆல், சைன், டேன், காஸ்) சொல்லிப் பார்த்தேன். சைன் மைனஸாக இருப்பது மூன்றாம், நான்காம் கால்பகுதிகளில், ஆகவே 210°, 330°. ஐந்துக்கு ஐந்து.

அக்காவுக்குப் போன் போட்டேன். "திரும்பப் போட்டுப் பார்த்தியா?" என்றுதான் முதலில் கேட்டாள். பார்த்தேன் அக்கா. 210°-க்கு ஒன்றரையும் மைனஸ் ஒன்றரையும் சேர்ந்து சைபர் வந்தது. 330°-க்கும் அதேதான்.